உப்பு சரி, காரம் சரி

திருப்பாச்சூர்
12.8.2002

தம்பி வரதனுக்கு அக்கா குணசுந்தரி எழுதுவது.

தானியேல் கண்டக்டரிடம் நீ கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. மூன்று அட்டை கேப்சூல். வழக்கம்போல உள்ளே ஒரு வரி கிடையாது. கும்மிடிப்பூண்டியில் பேனா விற்பதில்லையா? மருந்துக் கடைக்குப் போன் போட்டால் உன் முதலாளி எடுத்து, "இன்னா மருந்து வேணும்மா?" என்கிறார். தம்பி வேணும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் கடிதம்.

நேற்று காலை பல் விளக்கும்போது கடைவாய்ப் பல் ஒன்று விரலோடு வந்துவிட்டது. வலியே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு நாற்பத்தொரு வயதுதான் ஆகிறது. நம் அம்மா போகும்போது முப்பத்திரண்டு பல்லோடு போனாள்.

வாய் எந்நேரமும் காய்ந்து கிடக்கிறது. நாலு வார்த்தை பேசினால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. சுடுசோறு பட்டால் எரிச்சல் தாங்கவில்லை. வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்துவிட்டது. சிரிக்க முடியவில்லை என்றேன். "சிரிக்கிற மாதிரி இப்போ இன்னா கீது?" என்கிறாள் கங்கம்மா. சத்துணவுக் கூடத்தில் எனக்கு உதவியாக இருக்கிறாளே, அவள்தான். என்னிடம் இப்படி வாயாட அவளை விட்டால் ஆளில்லை.

உன் மகள் காதுகுத்தலில் உன் பெண்டாட்டி திலகவதி செய்ததை நான் மறக்கவில்லை. பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தேன். "அண்ணி, உங்க வாய் இன்னா இப்டி நாறுது, கொழந்த மூஞ்சிகிட்ட போவாதீங்க" என்று சபை நடுவில் பிள்ளையை இழுத்துக்கொண்டாள். அன்று வெளியே வந்தவள்தான். பத்து மாதமாக உன் வாசல் மிதிக்கவில்லை. நீயும் வந்து கூப்பிடவில்லை. நான் வெற்றிலைகூடப் போடுகிறவள் இல்லை வரதா. இரண்டு வேளை பல் விளக்குகிறேன். பிறகும் நாறுகிறது என்றால் ஏன் என்று மருந்துக் கடைக்காரன் நீ சொல்லு.

குணசுந்தரி

&nbsp;

கும்மிடிப்பூண்டி
20.8.2002

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் ஷிஃப்ட் விடுகிற நேரமாகப் பார்த்து வந்தது. ரோலிங் மில் ஆட்கள் கவுண்டரை மொய்த்துக்கொண்டு, "டாக்டரு, எனக்கு மொதல்ல குடு" என்று கத்துகிறார்கள். எல்லோருக்கும் நான் டாக்டர்தான். ஸ்டெதாஸ்கோப் ஒன்றுதான் பாக்கி.

ஒரு பல் போனதற்கா இவ்வளவு? நீ அம்மாவை நினைக்கிறாய், அப்பாவை மறந்துவிட்டாய். அவர் ஐம்பது வயதில் முறுக்கை இடித்துத்தான் தின்றார். நாக்கு எரிவது உடம்புச் சூடு. அடுப்படியிலேயே நின்றால் சூடு வராமல் குளிரா வரும்? பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், இரவில் ஒன்று போடு. மோர் குடி.

கேப்சூலை மட்டும் விட்டுவிடாதே. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. மாமா செத்த வருஷம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக உன் வயிற்றைக் காப்பாற்றி வருவது இந்தத் தம்பிதான். இங்கே மில்காரர்கள் பீடிக்கட்டு வாங்குவதுபோல இதைத் தினம் வாங்கிப் போகிறார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திலகவதிக்கு வாய்த்துடுக்கு, மனசில் ஒன்றும் கிடையாது. பெரியவள் நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும். நாலு பேர் நாஷ்டா சாப்பிடாமல் மாத்திரைக்கு நிற்கிறார்கள், முடிக்கிறேன்.

வரதன்

&nbsp;

திருப்பாச்சூர்
22.10.2002

வரதா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். ஒன்று இரண்டு இல்லை, முப்பத்துநாலு பிள்ளைகள். தட்டுக் கழுவப் போன இடத்திலேயே வரிசையாக உட்கார்ந்து எடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு செல்வி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. எச்.எம். ஐயா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். செங்கல் லாரி ஒன்றை மறித்துத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் குளுக்கோஸ் ஏறுகிறது. அவள் அம்மா என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

சாம்பாரில் படிகாரம் கலந்திருக்கிறது. மழைக்குக் கிணற்றுத் தண்ணீர் கலங்கிப்போனதால், தெளிய வைப்பதற்காகக் கங்கம்மா படிகாரம் இடித்து டப்பாவில் போட்டிருந்தாள். பார்க்கக் கல்லுப்பு போலவே இருக்கும். வாசனையும் கிடையாது.

எங்கள் கூடத்தில் ஒரு நோட்டு உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் சமைத்தவள் ருசி பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எச்.எம். ஐயா ஏற்பாடு. நேற்றும் 'உப்பு சரி, காரம் சரி' என்று எழுதிப் போட்டிருக்கிறேன். விசாரிக்க வந்த அதிகாரி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "நீங்க பாத்தப்ப நல்லா இருந்துச்சா?" என்றார்.

நல்லா இருந்தது என்றேன்.

"அப்போ அதுக்கப்புறம் யாரோ போட்டிருக்காங்க" என்று கங்கம்மா பக்கம் திரும்பினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே அவளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் முழு விசாரணையாம்.

நான் ருசி பார்த்தேன் வரதா. பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

குணசுந்தரி

&nbsp;

கும்மிடிப்பூண்டி
26.10.2002

அக்கா, அவசரத்துக்குக் கார்டு. பேப்பரில் நாலு வரி வந்திருந்ததை நானும் பார்த்தேன். நீ பயப்படாதே. நோட்டில் உன் கையெழுத்து இருக்கிறது. கண்டபடி டப்பாவை வைத்தவள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த மாதம் நாலு அட்டையாக அனுப்புகிறேன், மனக்கவலையில் வயிறு எரியும். வரதன்.

&nbsp;

திருப்பாச்சூர்
14.11.2002

வரதா,

இதைத் திலகவதி எதிரில் படிக்காதே.

நான் ருசி பார்த்தேன் என்று எழுதியது நிஜம். ஆனால் எனக்கு ருசி தெரியவில்லை. அதை எழுதாமல் விட்டேன்.

போன வருஷம் ஆடியிலிருந்தே தெரியவில்லை. முதலில் இனிப்பு போனது. பிறகு புளிப்பு. கடைசியில் உப்பும் போனது. மிளகாய் மட்டும் நெருப்பாக எரியும். நூற்றிருபது பிள்ளைகளுக்கு எத்தனை கை உப்பு என்பது என் கைக்கு மனப்பாடம். மிச்சத்தை வாசனை சொல்லும், நிறம் சொல்லும். ஒரு வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன். தினமும் கரண்டியை நாக்கில் வைப்பேன், ஒன்றும் தெரியாது, 'உப்பு சரி' என்று எழுதுவேன். நாக்கு செத்த சமையல்காரியை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்?

படிகாரத்தை எடுத்துப் போட்டதும் நான்தான். இரண்டும் ஒரே மாதிரி டப்பா. கங்கம்மா காலையிலேயே சொன்னாள்: "யக்கா, செகப்பு மூடி படிகாரம், பாத்துக்கோ." சரிடி என்றேன். அடுப்புப் புகையில் மறந்துபோனேன். நாலு கை அள்ளிப் போட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செல்வி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆயா, கொழம்பு வாயப் புடிச்சி இழுக்குது" என்றாள். "நல்ல சோறு கண்டா உனுக்கு ஆவாதே, துன்னுடி" என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். பக்கத்திலேயே நின்று தட்டு காலியாகும்வரை சாப்பிட வைத்தேன். மற்ற பிள்ளைகள் பாதியைக் கொட்டிவிட்டார்கள். அவள் ஒருத்திதான் முழுசாகச் சாப்பிட்டவள்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிழைத்துக்கொண்டாள். என்னைக் கண்டால் அவள் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள்.

தீபாவளிக்கு மறுநாள் இன்னொரு பல் ஆட ஆரம்பித்தது. திருவள்ளூரில் சாராள் என்று ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார், அவரிடம் போனேன். பல்லைப் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னவர் நாக்கைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்து நானே பயந்துபோனேன். தோலுரித்த தக்காளி மாதிரி இருக்கிறது வரதா. சொரசொரப்பே இல்லை. கன்னத்து உள்பக்கம் தயிர் திப்பி ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக.

"என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"வயித்தெரிச்சலுக்கு ஒரு கேப்சூலு."

"எத்தினி நாளா?"

"ஆறு வருசமா."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"மொத ஆறு வாரத்துக்கு ஆஸ்பத்திரியில எழுதினாங்க. அப்புறம் என் தம்பி அனுப்புறான்."

ரத்தம் எடுத்துப் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். நேற்று முடிவு வந்தது. வயிற்று அமிலத்துக்கும் ஒரு வேலை இருக்கிறதாம். சோற்றிலிருந்து பி பன்னிரண்டு என்ற சத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதானாம். வருஷக்கணக்கில் அதை அடக்கி வைத்தால் அந்தச் சத்து உடம்பில் சேராதாம். உன் மாமாவுக்குப் பிறகு நான் கறி மீன் தொடாததும் சேர்ந்துகொண்டதாம். அது குறைந்தால் நாக்கு இப்படி வழுவழுப்பாகிவிடும், எரியும், ருசி போகும். வாய் உலர்ந்ததும் இந்த மருந்தால் இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. எச்சில் இல்லாத வாயில் பூஞ்சை பிடிக்கும், பல்லும் ஈறும் கெடும், நாற்றமும் வரும் என்றார். திலகவதி சொன்ன அதே நாற்றம்.

"மருந்து மேல தப்பில்லமா, எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆறு வாரத்துக்கு எழுதினத ஆறு வருஷம் யாரும் கேக்காம குடுத்ததுதான் தப்பு" என்றார். ஊசி போட்டிருக்கிறார்கள். கேப்சூலையும் திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொன்னபடி குறைக்க வேண்டுமாம். நீ அனுப்பிய நாலு அட்டையும் மேசை மேல் இருக்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது.

விசாரணை இருபத்தெட்டாம் தேதி. கங்கம்மா வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்படுகிறேன்.

குணசுந்தரி

&nbsp;

கும்மிடிப்பூண்டி
19.11.2002

அக்கா,

கவுண்டரில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். இருமல் மருந்து கேட்டவனுக்குக் கண் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் திட்டியதுகூட உறைக்கவில்லை.

மருந்து டப்பாவுக்குள் ஒரு சீட்டு மடித்து வரும். கடையில் சேர்ந்த நாளிலிருந்து அதை உருவிக் குப்பையில் போடுவதுதான் என் வழக்கம். நேற்றுதான் முதல் தடவையாகப் பிரித்து வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே புரிகிறது. வாய் உலர்வது, ருசி மாறுவது, வாய்ப்புண், பூஞ்சை, எல்லாம் போட்டிருக்கிறான். எத்தனை வாரம் சாப்பிட வேண்டும் என்றும் போட்டிருக்கிறான். உடம்புச் சூடு, மோர் குடி என்று உனக்கு நான் எழுதினேனே! பல் கையோடு வந்தது என்று நீ எழுதியதற்கு அப்பாவின் முறுக்கைச் சொல்லிச் சிரித்தேனே! நீ என்னை நேரில் வந்து செருப்பால் அடித்திருக்கலாம்.

இனி எழுதப் போவதற்கும் அடிக்கலாம். விசாரணையில் நாக்கைப் பற்றிப் பேசாதே. பேசினால் மருந்து என்பார்கள், யார் கொடுத்தது என்பார்கள். டாக்டர் சீட்டில்லாமல் ஆறு வருஷம் கொடுத்தது வெளியே வந்தால் எனக்கு வேலை போய்விடும், கடைக்கும் வில்லங்கம். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. உனக்கும் அந்தக் கரண்டியை விட்டால் வேறு கதி இல்லை. கங்கம்மா கைகால் திடமானவள், சூளையிலோ வயலிலோ எங்காவது பிழைத்துக்கொள்வாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷமும் உனக்கு எரிச்சல் நிற்கவே இல்லையா? நின்றிருந்தால், போதும்டா என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? நீ சொல்லாததால் உனக்குத் தேவைப்படுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரதன்

&nbsp;

திருப்பாச்சூர்
29.11.2002

வரதா,

நேற்று விசாரணையில் நீ வந்து நிற்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து ஓடிவிட்டாய். நீ வருவதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

முதலில் கங்கம்மாவைக் கேட்டார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான் நைனா டப்பாவ அங்க வச்சேன். எல்லாம் எந்தப்புதான். அக்காவ ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாள் வரதா! ஐந்து வாரமாகக் கூலிக்கு நாற்று நட்டுவிட்டு வந்தவள், என்னைக் காப்பாற்றுகிறாள்!

எழுந்தேன். பேச வாய் வரவில்லை. காய்ந்து ஒட்டிக்கொண்டது. சரி என்று நாக்கை நீட்டிவிட்டேன். "இன்னாம்மா இது, அழகு காட்டறீங்களா?" என்று அதிகாரி எகிறினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் உள்ளே இழுக்கவில்லை. எச்.எம். ஐயாதான் கிட்டே வந்து பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அதன் பிறகுதான் என்னால் பேச முடிந்தது. நான்தான் போட்டேன், எனக்கு ருசி தெரியாது, ஒரு வருஷமாக நோட்டில் எழுதியது அத்தனையும் பொய் என்றேன். அதிகாரி நம்பவில்லை. கங்கம்மாவின் வேலையைக் காப்பாற்ற நாடகம் என்று நினைத்தார். உப்பையும் படிகாரத்தையும் தனித்தனியாகக் காகிதத்தில் கொண்டுவரச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். நாக்கில் ஒன்று வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். இன்னொன்று வைத்தார்கள். "எது உப்பு?"

"தெர்ல சார்."

மறுபடி வைத்தார்கள். மறுபடியும் தெரியவில்லை. செல்வியின் அம்மா ஜன்னலோரம் நின்றிருந்தாள். என்னைச் சபித்தவள், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

யார் கொடுத்த மருந்து என்று கேட்டபோது, நானே கடையில் வாங்கித் தின்றேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைச் சொல்வதில்லை என்று முதல்நாளே முடிவு செய்திருந்தேன். எந்தக் கடை என்று அவர் விடாமல் கேட்டார். அப்போதுதான் வாசலிலிருந்து உன் குரல் கேட்டது. "நான் குடுத்தேன் சார். இவங்க தம்பி." ஐயோ பாவி, எதற்கடா வந்தாய் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அதே நேரம் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். எரிச்சல் நின்று ஐந்து வருஷம் ஆகிறது.

உன் மாமா போன பிறகு, அம்மாவும் போன பிறகு, நம் வீட்டிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்தது அந்தப் பொட்டலம் ஒன்றுதான். பொங்கலுக்குச் சீர் வராத வருஷத்திலும் அது தவறியதில்லை. காதுகுத்தலுக்குப் பிறகு நீ பேசாத பத்து மாதமும் பஸ்ஸில் வந்தது. எனக்கு வேண்டாம் என்று சொன்னால் அதையும் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். தம்பி ஆசையாக அனுப்புகிறானே என்று வாங்கினேன். வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று விழுங்கினேன். இதை அந்தப் பல் டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்.

கங்கம்மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இனி அவள்தான் சமைப்பாள், அவள்தான் ருசி பார்ப்பாள். என்னை நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான். ஊசி முடிந்து ருசி வந்தால் மனு போடச் சொல்லியிருக்கிறார் எச்.எம். ஐயா. வருமா என்று தெரியவில்லை. வரும் என்கிறார் டாக்டரம்மா. போன பல் வராது.

உன் வேலை என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது.

குணசுந்தரி

&nbsp;

கும்மிடிப்பூண்டி
8.12.2002

அக்கா,

வேலை போய்விட்டது. அன்று சாயங்காலமே முதலாளி கணக்கை முடித்துவிட்டார். "ஊருக்கு முன்னாடி வாக்குமூலம் குடுத்துட்டு வந்து கீற, இனிமே எவன்யா கடைக்கு வருவான்?" என்றார். திலகவதி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் உன் கடிதத்தை எடுத்துப் படித்தாள், நான் தடுக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வருகிறாளாம். உன் காலில் விழுவாளோ சண்டை போடுவாளோ, அவளுக்கே தெரியாது.

ஐந்து வருஷம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. நேரில் வருகிறேன்.

ஆனால் இதை எழுத வேண்டும். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சும்மா வந்து போனவர்கள் இல்லை, மாதம் தவறாமல் வாங்குகிறவர்கள். முகத்தை நினைத்து நினைத்து எழுதினேன். நாற்பத்தொன்று வந்தது. பாதிப் பேருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. 'வெல்டர்', 'நீலச் சட்டை', 'அத்திப்பட்டு ஆள்' என்றுதான் எழுத முடிந்தது.

நேற்று காலை மில் கேட்டில் போய் நின்றேன். ஷிஃப்ட் விட்டு முதலில் வந்தது அந்த வெல்டர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா டாக்டரு, பத்து நாளா கடையில காணோம், பேஜாராப் பூட்ச்சி. மாத்திரை கொண்டாந்தியா?" என்றான்.

மாத்திரை வேண்டாம், ஒருமுறை நல்ல டாக்டரைப் பார், கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் நிறுத்தாதே என்று சொன்னேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தான். முன்பல் இரண்டு இல்லை அக்கா. மற்றவை வேர்வரை கறுத்திருந்தன. அது பீடியாலா, மருந்தாலா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது. நாலு வருஷமாக அவன் தினம் என் எதிரில் வந்து நின்றிருக்கிறான். அவன் கை நீட்டினால் அட்டையைக் கிழித்துக் கொடுப்பேன். அவன் வாயை நான் பார்த்தது நேற்றுதான்.

வரதன்